‘போரை வரையுங்கள்’ என்று தொடங்காதீர்கள்

நீங்கள் கேட்டது இதுதான். முல்லைத்தீவுக் கரையோரத்தில், பஸ் ஒருநாளைக்கு இரண்டு தடவை மட்டும் வரும் ஒரு கிராமத்தில், பள்ளி விடுமுறைக்குப் பத்து நாள் ஓவிய முகாம் நடத்தப் போகிறீர்கள். பிள்ளைகளைப் போரைப் பற்றி வரையச் சொல்லலாமா? சொன்னால் புண்ணைக் கிளறியதாகிவிடுமா? சொல்லாவிட்டால் மூடி மறைத்ததாகிவிடுமா? இவ்வளவும் நடந்த மண்ணில் பிள்ளைகளின் கற்பனை பழுதுபட்டுப் போயிருக்காதா?

பதில் சொல்லுமுன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 2009இன் நடுப்பகுதியில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே வகுப்பெடுத்தவன். பிறகு மீள்குடியேறிய கரையோரப் பள்ளிகளில் சில வருடங்கள் சித்திரமும் நாடகமும் கற்பித்தேன். மனநல மருத்துவன் இல்லை, வாத்தி. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வியில் தொடங்குகிறேன், மற்றவை அதற்குள்தான் இருக்கின்றன.

மெனிக் பாமில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த நாட்கள் அவை. எதற்கும் வரிசை, எல்லாவற்றுக்கும் பதிவு. ஒருநாள் மத்தியானம் பெரியவர்கள் தண்ணீர் பவுசருக்குக் காத்து நின்றார்கள். கூடாரங்களுக்கு நடுவே ஏழெட்டுப் பிள்ளைகள் இன்னொரு வரிசையில் நின்றார்கள். வரிசையின் தலைப்பில் ஏழு வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, ஈர்க்கால் மண்ணில் எழுதிக்கொண்டிருந்தாள். விளையாட்டின் பெயர் ‘பதிவு’. ஒவ்வொருவரிடமும் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்பாள். ஒரு பையன் ஐந்து என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நேற்று நாலு எண்டெல்லோ சொன்னனீ?”

“இண்டைக்கு அப்பா வந்திட்டார்.”

கொஞ்சம் யோசித்தாள். “சரி, அஞ்சு. அடுத்த ஆள் வா.”

நான் தண்ணீர்க் கானைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றேன். அந்தப் பையனின் தகப்பன் வரவில்லை என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் மண்ணில் எழுதும் அந்தப் பதிவேட்டில் அவருக்கு இடம் இருந்தது. உண்மையான பதிவு மேசையில் அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் அவர்கள் தங்களுக்கென்று ஒரு மேசை போட்டுக்கொண்டார்கள். பழுதுபட்ட கற்பனை இந்த வேலையைச் செய்யாது.

இதை வைத்து, ‘பிள்ளைகள் எதையும் தாங்கிவிடுவார்கள்’ என்று முடிவுகட்ட வேண்டாம். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கே இரவு தங்காதவர்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், கடைசிக்கட்டப் போருக்கு முன்பே வன்னியில் பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்தவற்றைத் தொகுத்திருந்தார்கள். 100க்கு 92 பிள்ளைகள் குண்டுவீச்சு, செல்லடி, நெருங்கியவர் சாவு என்று ஏதோ ஒன்றைக் கடந்திருந்தார்கள். மனவடு நோய் என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர்கள் 25 பேர். எனக்கு இரண்டு எண்ணும் முக்கியம். 25 என்பது சின்ன எண் இல்லை, ஒரு வகுப்பில் நான்கில் ஒரு பிள்ளை. அதேநேரம் 92க்கும் 25க்கும் நடுவில் இருக்கும் பிள்ளைகளைத் தாங்கியது என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. தாய், அம்மம்மா, கோவில், பள்ளி, விளையாட்டு என்று பலதும் இருக்கலாம். விளையாட்டு அதில் கடைசி இல்லை என்பது என் அபிப்பிராயம்.

விளையாட்டிலும் இரண்டு வகை உண்டு. இதை நீங்கள் தெரிந்துகொண்டு போகவேண்டும். 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சௌச்சில்லா என்ற சிற்றூரில் ஒரு பள்ளிப் பேருந்தை 26 பிள்ளைகளோடு கடத்தி, மண்ணுக்குள் புதைத்த வண்டிப்பெட்டி ஒன்றில் அடைத்துவைத்தார்கள். எல்லாரும் தப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்த மனநல மருத்துவர் லெனோர் டெர், பயத்துக்குப் பிந்திய விளையாட்டில் சில ஒரே தடத்தில் சுற்றுவதைக் கவனித்தார். அதே கதை, அதே முடிவு, சிரிப்பே இல்லை, விளையாடி முடித்தபின்னும் ஆறுதல் இல்லை. முகாமில் நானும் அப்படி ஒரு பிள்ளையைக் கண்டேன். பொம்மையை மண்ணில் புதைப்பான், எடுப்பான், புதைப்பான். வேறு பிள்ளை வந்து ‘இனி எழுப்புவம்’ என்றால் அடிப்பான். ‘பதிவு’ விளையாடிய பிள்ளைகளோ தினமும் ஏதாவது மாற்றினார்கள். ஒருநாள் பதிவதிகாரியே பதியாமல் ஓடிப்போய்விட்டாள், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துவக்கும் ஹெலிகொப்டரும் வந்தால் பயப்படாதீர்கள். முடிவு மாறுகிறதா, இன்னொரு பிள்ளைக்கு உள்ளே வர இடம் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். மாறாமல் சுற்றும் பிள்ளையைக் கண்டால், ஓவியத்தால் குணப்படுத்தப் பார்க்காமல், மாவட்ட மனநலப் பிரிவில் பயிற்சி பெற்றவர்களிடம் மெதுவாகக் கொண்டுபோய் விடுங்கள்.

அப்புறம் ஒரு விசயம். நீங்கள் ‘போர்ப் பிள்ளைகள்’ என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் முகாமுக்கு வரப்போகும் பத்து வயதுப் பிள்ளை 2009 மே மாதத்துக்குப் பல வருடங்கள் கழித்துப் பிறந்தது. குண்டுபோடும் கிபிர் விமானத்தின் இரைச்சலை அது கேட்டதில்லை. ‘வண்டு’ என்று நாங்கள் சொன்ன வேவு விமானம் இரவெல்லாம் தலைக்குமேல் ரீங்கரித்ததும் தெரியாது. சேலைகளைக் கிழித்துப் பை தைத்து, மண் நிரப்பி, பங்கர் வாசலில் அடுக்கியதும் தெரியாது. ஆனால் அம்மா இன்னமும் பட்டாசுச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுவது தெரியும். அலுமாரியில் திறக்கக்கூடாத ஒரு பெட்டி இருப்பது தெரியும். சுவரில் மாலைபோட்ட படங்களும் மாலைபோடாத ஒரு படமும் ஏன் என்று கேட்கக்கூடாது என்பதும் தெரியும். 2010இன் பிள்ளை கண்டதை வைத்து விளையாடியது. இன்றைய பிள்ளை பெரியவர்கள் பாதியில் நிறுத்திய பேச்சை வைத்துக் கற்பனை செய்கிறது. இரண்டாவதுதான் கஷ்டமானது என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் அதற்கு எல்லை இல்லை.

சரி, கற்பனைக்கு அங்கே என்ன மூலப்பொருள் இருக்கிறது என்று பார்ப்போம்.

கரையில் காலையில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அடம்பன் கொடி. அதற்கும் மேலே இராவணன் மீசை. அதன் காய்ந்த தலை, பந்தளவு உருண்டை, சுற்றிவர ஊசிபோல நீண்ட முட்கள். காற்று எழும்பினால் செடியிலிருந்து பிய்ந்து, முட்களையே காலாக்கி, ஈர மணலில் ஓடத்தொடங்கும். ஓடுகிறது என்றுதான் சொல்லவேண்டும், உருளுகிறது என்று சொன்னால் பார்க்காதவர்களுக்கு விளங்காது. சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொன்றைப் பிடித்து, கோடு கீறி, ஒரேநேரத்தில் விட்டுவிட்டுப் பின்னால் ஓடுவார்கள். தொடக்கூடாது, ஊதலாம். அலையில் விழுந்தது ‘முடிஞ்சுது’. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஒரு வருடம் எல்லாம் மோட்டார் சைக்கிள் பெயர்கள், அடுத்த வருடம் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள். கடையில் வாங்கிய பந்தைவிட அவர்களுக்கு அது உசத்தி, ஏனென்றால் எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

ரெஜிபோம் (தெர்மோகோல்) மீன்பெட்டி உடைந்தால் படகு. அறுந்த வலையின் மிதப்புகள் சக்கரம். குரும்பட்டியும் ஈர்க்கும் கிடைத்தால் தேர். சிரட்டையில் சோறு கறி காய்ச்சுவது எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பொது. இங்கே கறிக்கு உண்மையாகவே நண்டு கிடைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடற்கரைப் பிள்ளையின் முதல் தொழில் பொறுக்குவது. சிப்பி, போத்தல் மூடி, கயிறு, கரையொதுங்கிய செருப்பு, எதைக் கண்டாலும் குனியும். போர் அதன் மேல்தான் கைவைத்தது என்று நான் நினைக்கிறேன். மீள்குடியேறிய நாட்களில் பள்ளியில் நாங்கள் முதலில் கற்பித்தது எழுத்தில்லை, மிதிவெடி அபாயக் கல்வி. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, மஞ்சள் நாடா. தெரியாத பொருளைத் தொடாதே, எடுக்காதே, எறியாதே, பெரியவரிடம் சொல். சரியான பாடம், உயிர்காக்கும் பாடம், நானே நாடகமாகப் போட்டுக் கற்பித்தேன். ஆனால் ‘தெரியாததைத் தொடாதே’ என்பது ஒரு பிள்ளையின் கைக்கு என்ன செய்யும் என்று அப்போது யோசிக்கவில்லை. களிமண் கொடுத்தால் சில பிள்ளைகள் விரல்நுனியால் தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கும். ‘தொடலாமோ, சேர்?’ ஆறு மாதத்துக்கு மேல் அந்தக் கேள்வி என் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அவர்களாகவே ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். ஒரு பையன் சட்டம் போட்டான்: நிலத்தில் கிடப்பதை எடுக்கக்கூடாது, கடல் கொண்டுவந்து போட்டதை எடுக்கலாம். மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். எனக்குத் தலையிடி, ஏனென்றால் கடலும் எதையும் கொண்டுவரலாம், கண்ணிவெடி அகற்றுபவர்கள் அப்படியொரு விதியை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனாலும் அதற்குள் இருந்த நியாயத்தைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி இதே கடல்தான் அதே ஊரில் வீடுவீடாக ஆட்களை எடுத்துக்கொண்டு போனது. ஐந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் கடலை நம்பினார்கள், நிலத்தை நம்பவில்லை.

சிவப்புப் பலகைக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்பது தனிக் கதை. பற்றைக்காடும் இடிந்த வீடுகளும்தான் உண்மையில் இருந்தன. பிள்ளைகளின் படத்தில் அங்கே மாம்பழம் நிறையக் காய்க்கும். மனிதர் போகமுடியாததால் மயில்கள் பள்ளிக்கூடம் நடத்தும். ஒரு பிள்ளை அங்கே கடை போட்டிருந்தாள், எல்லாப் பொருளும் சும்மா. தடைசெய்த நிலத்தில் பேயைக் குடிவைப்பார்கள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். எங்கள் சனம் பேய்க்குப் பஞ்சமில்லாத சனம் அல்லவா. பேய்கள் வந்தது பிறகு, பலகைகளைக் கழற்றி, பெரியவர்கள் போய்வரத் தொடங்கியபின்.

அப்புறம் அந்தக் கப்பல். 2006 டிசம்பரில் ‘ஃபாரா 3’ என்ற ஜோர்தான் நாட்டுச் சரக்குக் கப்பல் இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுக் கரையில் தட்டியது. இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிப்போன கப்பல். மாலுமிகள் 25 பேரும் கரைசேர்ந்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் போய்ச்சேர்ந்தார்கள். கப்பல் மட்டும் அங்கேயே நின்றது. 2009இல் அந்தக் கரையில் அகப்பட்டிருந்த அத்தனை பேரின் கண்ணிலும் அது பட்டுக்கொண்டிருந்தது. மூலைமுடுக்கெல்லாம் தறப்பாள், பின்னால் துருப்பிடித்த பெரிய கப்பல். அதற்குப் பிறகு அதை வெட்டி இரும்பாக எடுத்துவிட்டார்கள். கப்பல் போய்விட்டது, பிள்ளைகளின் கொப்பியிலிருந்து போகவில்லை. அது எங்களை ஏற்ற வந்தது, ஆனால் தட்டிவிட்டது என்று ஒருவன் எழுதினான். அது திமிங்கிலத்தின் எலும்பு என்றாள் ஒருத்தி. கப்பலைக் கண்டேயிராத, பிற்பாடு பிறந்த பிள்ளை ஒன்று அதன் மேல்தட்டில் வாழைமரம் நட்டு, கோழிக்கூடும் வைத்து வரைந்தது. யாரிடம் கேட்டு வரைந்தாய் என்றேன். ‘அம்மம்மா சொன்னவ. கோழி நான் விட்டது.’ 

அம்மம்மா சொன்னவ என்பதில் கொஞ்சம் நிற்கவேண்டும். முல்லைத்தீவுக்குத் தெற்கே, நாயாறு தாண்டி, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் என்று கடலுக்கும் களப்புக்கும் இடையில் ஒரு வரிசைக் கிராமங்கள். அங்கிருந்த தமிழர்கள் 1984 டிசம்பரில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். போர் முடிந்தபின்தான், கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, திரும்பக் குடியேறினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். திரும்பிவந்த பிள்ளைகளில் ஒன்றுகூட அந்த ஊரைப் பார்த்ததில்லை, பலரின் தாய் தகப்பனே கைக்குழந்தையாக வெளியேறியவர்கள். ஊர் என்பது இரவில் அம்மம்மா சொன்ன கதை. கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி, வீட்டுக்குப் பின்னால் முப்பது தென்னை, பிள்ளையார் கோவில் முகப்பில் நின்றால் கடல் தெரியும். வந்து இறங்கினால் காடு. கிணறு தூர்ந்து கிடக்கிறது, தென்னைக்குத் தலை இல்லை, இரவில் யானை வருகிறது. சில வயல்கள் வேறு ஆட்களின் கைக்குப் போய்விட்டன.

‘இது எங்கட ஊர் இல்லை’ என்று ஒரு பிள்ளை ஒரு கிழமை அழுதது. பெரியவர்களுக்குக் கோபம். பிள்ளை சொன்னது சரிதான், அதன் ஊர் இதைவிட நல்ல ஊர். பிறகு அந்தப் பிள்ளைகள் செய்ததை நான் வகுப்பில்கூட யோசித்திருக்கமாட்டேன். பள்ளி முற்றத்து மணலில் ஊரைக் கீறினார்கள். அம்மம்மாக்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதால் சண்டை வந்தது: கடை புளியமரத்துக்குக் கிழக்கா மேற்கா? தீர்க்கமுடியாமல் இரண்டு கடை வைத்தார்கள். பிறகு அந்த மணல் ஊருக்குள் நடந்து திரிந்தார்கள். சிப்பி வரிசையைத் தாண்டிக் கால்வைத்தால் மதிலை உடைத்ததாகக் கணக்கு, அபராதம் உண்டு. அம்மம்மா ஒருத்தி வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, ‘அதில ஒழுங்கை இல்லையடா மோனை, இஞ்சால’ என்று உள்ளே வந்தா. அன்று பின்னேரம் நான்கு கிழவிகள் மணலில் நின்று தங்கள் வீடுகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழை வந்து எல்லாம் கரைந்தது. மறுபடி கீறினார்கள். இரண்டாவது ஊரில் கிழவிகள் சொன்னதோடு, உள்ள ஊரின் யானைவேலியும் இருந்தது.

உங்கள் முகாமுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே ‘பயிற்சி’ இதுதான். ஊரைக் கீறச் சொல்லுங்கள், கிழவிகளைக் கூப்பிடுங்கள்.

கற்பனையை வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் அது, பத்தாப்பளைதான் வற்றாப்பளை ஆனது என்பார்கள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பெடியன்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாள். அவர்கள் கொப்பு வெட்டிக் குடில் போட்டு, பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டிவிட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றிக் கொளுத்துங்கள் என்றாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள், மயிரை விலக்கினால் தலையெல்லாம் கண். பிறகு ஆளைக் காணவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு வைகாசியும் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றி, பொங்கலுக்கு வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஊரின் பெரிய தெய்வத்தை முதலில் கண்டது பிள்ளைகள் என்று சொல்லும் கதை இது. உப்புநீர் எரியுமா என்று அவர்கள் கேட்கவில்லை, ஊற்றிப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணிபுரிந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ‘கூட்டு மனவடு’ என்று எழுதுவது தனி ஆளின் நோயைப் பற்றி மட்டுமில்லை. ஊரின் நம்பிக்கை, உறவு, சடங்கு எல்லாம் சேர்ந்து உடைவதைப் பற்றியது. அப்படியென்றால் திருத்தமும் கொஞ்சம் ஊராகத்தான் நடக்கவேண்டும். முள்ளிவாய்க்கால் நினைவு நாளும் கண்ணகி பொங்கலும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் வரும். ஒரே பிள்ளை ஒரு கிழமை சிரட்டையில் நினைவுக் கஞ்சி வாங்கிக் குடிக்கும், அடுத்த கிழமை பொங்கல் சாப்பிடும், ஐஸ்கிறீமும் கேட்டு அழும். அது குழம்பிப்போகும் என்று வெளியிலிருந்து வருபவர்கள் கவலைப்படுவார்கள். குழம்பியதை நான் காணவில்லை.

இனி, உங்கள் முதல் கேள்வி. போரை வரையச் சொல்லலாமா?

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு எங்கள் பள்ளிக்கு வந்தது. நல்ல மனிதர்கள், நல்ல பஸ்டல் பெட்டிகள். ஆளுக்கு இரண்டு தாள்: ஒன்றில் ‘போர்’, மற்றதில் ‘சமாதானம்’. பிள்ளைகள் வரைந்தார்கள். முதல் தாளில் ஹெலிகொப்டர், எரியும் ஓலைவீடு, சிவப்பு. மற்றதில் புறா, சூரியன், கைகோத்த பிள்ளைகள். வந்தவர்கள் கண்கலங்கிப் படமெடுத்தார்கள், பிள்ளைகளுக்கு ரொபி கிடைத்தது. நான்கு மாதம் கழித்து வேறொரு குழு வந்து தாளைக் கொடுத்ததும் முன்வரிசைப் பெண்பிள்ளை கேட்டாள்: “அக்கா, சோகப் படமோ, சந்தோசப் படமோ?”

இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த ஹெலிகொப்டர்கள் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டவருக்கு எது வேண்டும் என்று பிள்ளைக்கு உடனே விளங்கிவிடும், அதை வரைந்து கொடுத்துவிட்டுத் தன்னுடையதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதனால் தலைப்பே கொடுக்காதீர்கள், அல்லது கோணலாகக் கொடுங்கள். ‘எங்கட கிணற்றுக்குள்ளே யார் இருக்கிறார்’, ‘கடல் ஒருநாள் லீவு எடுத்தால்’, இப்படி. போர் வரவேண்டுமானால் அந்தக் கிணற்றுக்குள்ளிருந்தும் வரும். வந்தால் தடுக்காதீர்கள், தோண்டவும் வேண்டாம். ‘இது யார்?’ என்று கேட்காமல் ‘இதைப் பற்றிச் சொல்லன்’ என்று விட்டுவிட்டால் போதும்.

குறிப்பாக, ‘உன் குடும்பத்தை வரை’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் அப்பாவித் தலைப்புத்தான். ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 முதல் தாய்மார் தெருவோரத்தில் உட்கார்ந்திருந்த மாவட்டம் இது. தாத்தாவை வரைவதா விடுவதா என்று ஒரு பேரப்பிள்ளை தீர்மானிப்பது சித்திரப் பாடம் இல்லை, வீட்டின் வழக்கு.

கதையாகச் சொல்லவைத்துக் குணப்படுத்தும் முறை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, எங்கள் பக்கத்திலேயே நடந்தது. சுனாமி நடந்து சில கிழமைகளில், நான் மேலே சொன்ன அதே பல்கலைக்கழகக் குழுவினர், வடகிழக்கில் பாதிக்கப்பட்ட 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களைக் கொண்டு ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பாதிப் பிள்ளைகளுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். மறுபாதிக்கு வாழ்க்கைக் கதை: ஒரு கயிறை நிலத்தில் நீட்டி, பிறந்ததிலிருந்து நடந்ததை வரிசையாக வைக்கவேண்டும், நல்லதுக்குப் பூ, கெட்டதுக்குக் கல். பிறகு கல்லுக்குக் கல் நின்று, நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கத்திலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். ஆனால் அது பயிற்சியோடும் பின்தொடர்தலோடும் செய்யும் சிகிச்சை. பத்து நாள் முகாமுக்குப் போய் கயிறை விரித்துவிட்டு, பதினோராம் நாள் பஸ் ஏறும் வேலை அல்ல. கல்லை எடுத்து வைத்தபிறகு பிள்ளையோடு யார் இருப்பது?

நீண்டகாலம் இருந்து செய்ததற்கு ஓர் உதாரணம் வேண்டுமானால் மட்டக்களப்பைப் பாருங்கள். கனடாக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைக் குரு போல் சற்குணநாயகமும் 1996இல் அங்கே தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிவந்து, மாதக்கணக்காகக் களிமண், பாட்டு, கதை, விலங்குகள் என்று விட்டுவைத்தார்கள். அப்போது போர் நடந்துகொண்டுதான் இருந்தது. நான் அங்கே வேலை செய்ததில்லை. அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, அவசரப்படாமை.

போர் ‘முடிந்துவிட்ட’ கிராமத்துக்குப் போகிறோம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2023 ஜூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வந்தன. நீதிமன்ற உத்தரவில் கட்டம் கட்டமாகத் தோண்டி, 2024 ஜூலையில் முடிக்கும்போது 52 பேரின் எலும்புக்கூடுகள் எடுத்திருந்தார்கள். பிரதான வீதியோரம். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் வழி. போருக்குப் பிறகு பிறந்த பிள்ளை வீட்டுக்கு வந்து, ‘அது யார்?’ என்று கேட்டால் தாய் என்ன சொல்வாள்? பாதியில் நின்ற பேச்செல்லாம் அந்தக் குழிக்குள்ளிருந்து ஒரே நாளில் மேலே வந்தது. அந்தப் பிள்ளைகளிடம் நீங்கள் எதையும் மறைக்கமுடியாது, எதையும் புதிதாகச் சொல்லவும் தேவையில்லை.

சில சில்லறை விசயங்கள். நீலப் பஸ்டலை இரண்டு மடங்கு கொண்டுபோங்கள், முதலில் முடிவது அதுதான், பிறகு சண்டை வரும். தாள் பறக்கும், கிளிப் வேண்டும். பள்ளி மண்டபத்தைவிட மீன்வாடிக்குப் பக்கத்து மரநிழல் நல்லது. முதல் இரண்டு நாளும் எதையும் கற்பிக்காதீர்கள், கிளித்தட்டு விளையாடுங்கள், தோற்றுப்போங்கள். வரைந்த படங்களை நீங்கள் கொண்டுபோகாதீர்கள். கண்காட்சிக்கு வேண்டுமானால் பிள்ளையிடம் கேளுங்கள், ‘இல்லை’ என்றால் விட்டுவிடுங்கள்.

காலையில் எத்தனை மணிக்குத் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். கரைவலை இழுக்கும் காலமென்றால் மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை, கரையேறிய பிறகு தொடங்குங்கள். முன்பு அம்பாப் பாட்டோடு இருபது, முப்பது பேர் இழுத்த வலையைப் பல இடங்களில் இப்போது உழவு இயந்திரம் இழுக்கிறது, பாட்டுச் சத்தம் இல்லை, இயந்திரச் சத்தம்தான் அடையாளம். அது உறுமுவது மாறி, மெதுவாகும்போது மடி கிட்ட வந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நீங்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாலும் எழுந்து ஓடுவார்கள். மீன் கொட்டும்போது நடுவில் ஏதாவது வித்தியாசமாக வரும், ஒரு பேத்தை மீன் ஊதிக்கொண்டு கிடக்கும், அதைச் சுற்றி வட்டமாகக் குந்தியிருந்து குச்சியால் தொட்டுப் பார்ப்பார்கள். நீங்களும் போய்க் குந்துங்கள்.